வரைபடக் கணிப்பானில் வகைக்கெழுவைக் கோவையாகவே பெற முடியுமா?

முதற்படி:

வணக்கம். நுண்கணிதத்தை இப்போதுதான் முறையாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் டிஐ-84 பிளஸ் வரைபடக் கணிப்பான் இருக்கிறது. எக்ஸ்² சைன்(3எக்ஸ்) என்னும் சார்பின் வகைக்கெழுவைக் கையால் கண்டுவிட்டு, விடை சரிதானா என்று கணிப்பானில் பார்க்க நினைத்தேன். மேத் பொத்தானை அழுத்தியதும் வரும் பட்டியலில் எட்டாவது கட்டளையைத் தேர்ந்தெடுத்தபோது, பாடநூலில் அச்சிட்டிருப்பதைப் போலவே வகையிடல் குறியும் அதன் அருகே வெற்றுக் கட்டங்களும் திரையில் தோன்றின. கோவையை உள்ளிட்டால் விடையும் கோவையாகவே வரும் என்று எண்ணிவிட்டேன். ஆனால் கடைசிக் கட்டம் எக்ஸ்-இன் மதிப்பைக் கேட்டது. அதில் 1 என்று கொடுத்ததும் −2.687737259 என்னும் எண் மட்டுமே கிடைத்தது.

கையால் நான் கண்ட விடை: 2எக்ஸ் சைன்(3எக்ஸ்) + எக்ஸ்² காஸ்(3எக்ஸ்).

எனக்கு வேண்டியது எண் அன்று, கோவை. கட்டளையை நான் தவறாகப் பயன்படுத்துகிறேனா, அல்லது இந்தக் கருவியால் அது இயலவே இயலாதா? கடைசிக் கட்டத்தில் 1-க்குப் பதிலாக எக்ஸ் என்றே கொடுத்தும் பார்த்தேன். அப்போது ஏறத்தாழ 0.000003 என்னும், 0-ஐ ஒட்டிய எண் வந்தது. அது ஏன் என்பதும் விளங்கவில்லை.

கரும்பலகை:

கட்டளையை நீங்கள் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்தக் கருவி எண்ணை மட்டுமே தரும், கோவையைத் தராது. டிஐ-83, டிஐ-84 வரிசைக் கணிப்பான்களில் கோவையைக் கோவையாகவே வைத்துக் கையாளும் இயற்கணிதப் பொறி கிடையாது. மேத்பிரிண்ட் முறை வந்த பிறகு திரை, வகையிடல் குறியைப் பாடநூல் வடிவத்தில் காட்டுகிறது. அந்தத் தோற்றத்தைக் கண்டு கருவி வகையிடல் விதிகளை அறிந்திருக்கிறது என்று எண்ணுபவர்களை நான் ஆண்டுதோறும் வகுப்பில் பார்க்கிறேன். பழைய வரிமுறைக்கு மாற்றினால் அதே கட்டளை ‘என்டெரிவ்’ என்னும் தன் உண்மைப் பெயரில் தோன்றும். எண்முறை வகைக்கெழு என்பதே அப்பெயரின் பொருள்.

அது உள்ளே செய்வது மிக எளிய காரியம். நீங்கள் கொடுத்த புள்ளிக்கு 0.001 வலப்புறமாகவும் 0.001 இடப்புறமாகவும் சார்பின் மதிப்பைக் கணக்கிட்டு, அவற்றின் வித்தியாசத்தை 0.002-ஆல் வகுக்கிறது. வளைவரையில் ஒரு புள்ளியின் இருபுறமும் மிக நெருக்கமாக இரு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் வெட்டுக்கோட்டின் சாய்வைத் தொடுகோட்டின் சாய்வுக்கு ஈடாக ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பானது இது. எக்ஸ்³ என்னும் சார்பை எடுத்து, எக்ஸ் = 5 என்னும் இடத்தில் அதைச் செய்து பாருங்கள். 5.001-இன் மும்மடி 125.075015001, 4.999-இன் மும்மடி 124.925014999. வித்தியாசம் 0.150000002, அதை 0.002-ஆல் வகுத்தால் 75.000001. கணிப்பானும் இதையே காட்டும். விதிப்படி விடை 3எக்ஸ்², அதாவது 75. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 0.000001, கருவி எந்த வழியில் சென்றது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. விதிவழி சென்றிருந்தால் அந்த எச்சம் இருந்திருக்காது.

எக்ஸ் என்று கொடுத்தபோது 0-ஐ ஒட்டிய எண் வந்ததற்குக் காரணம், உங்கள் கணிப்பானின் நினைவகத்தில் எக்ஸ் என்னும் மாறிக்கு அப்போது 0 என்னும் மதிப்பு இருந்ததே. அந்தக் கருவியைப் பொறுத்தவரை எக்ஸ் என்பது ஒரு குறியீடு அன்று. ஓர் எண்ணைப் போட்டு வைத்த பெட்டி.

உங்கள் கைவிடையில் ஒரு பிழை இருக்கிறது. அதை நான் இப்போது சுட்டிக்காட்டப் போவதில்லை. உங்கள் கையிலிருக்கும் கருவியே அதைக் காட்டும். எப்படி என்பதை அடுத்து எழுதுகிறேன்.

அடுக்குநிரல்:

கோவையாகவே விடை தரும் கையடக்கக் கருவிகள் நெடுங்காலமாக இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1987-இல் வெளிவந்த எச்பி-28சி, குறியீட்டு இயற்கணிதம் செய்த முதல் கையடக்கக் கணிப்பான். பயனர் நினைவகம் வெறும் 2 கிலோபைட் அளவே இருந்த அந்தக் கருவி, கோவையை உள்ளிட்டால் வகைக்கெழுவைக் கோவையாகவே திருப்பித் தந்தது. ஆகவே வகையிடலுக்குப் பெரிய வேகமோ பெரிய நினைவகமோ தேவை என்னும் எண்ணம் சரியன்று.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1995-இல் டிஐ-92-ஐயும் 1998-இல் டிஐ-89-ஐயும் வெளியிட்டது. இவற்றின் இயற்கணிதப் பொறி, ஹொனலுலுவில் இயங்கிய சாஃப்ட் வேர்ஹவுஸ் நிறுவனத்தின் டிரைவ் மென்பொருளிலிருந்து வந்தது. டிஐ-92-இல் தட்டச்சுப் பலகை இருந்ததால் பல தேர்வுகளில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏறத்தாழ அதே திறனைச் சாதாரணக் கணிப்பான் வடிவில் அடக்கியதால் டிஐ-89-க்கு அந்தத் தடை பல இடங்களில் இல்லாமல் போயிற்று. பிறகு 2003-இல் கேசியோ கிளாஸ்பேட் 300, 2007-இல் டிஐ-என்ஸ்பயர் சிஏஎஸ் (கணினி இயற்கணித அமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), 2013-இல் எச்பி பிரைம் ஆகியவை வந்தன. எச்பி பிரைமில் இருப்பது, பிரான்சைச் சேர்ந்த பெர்னார் பாரிஸ் உருவாக்கிய ஜியாக் என்னும் பொறி. என்ஸ்பயர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயரில் சிஏஎஸ் என்று சேர்ந்திருக்கும் வகையே கோவையாக விடை தரும், அது சேராத வகை எண்ணை மட்டுமே தரும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

டிஐ-89-இல் உங்கள் சார்பை உள்ளிட்டேன். இரண்டாம் செயல் பொத்தானை அழுத்தி, பிறகு 8-ஐ அழுத்தினால் வகையிடல் குறி வரும். சார்பு, காற்புள்ளி, எக்ஸ், அடைப்பு. திரையில் வந்தது முழுமையான கோவை. கரும்பலகை அவர்கள் விடையை மறைத்து வைத்திருப்பதால் நானும் அதை இங்கே எழுதவில்லை.

முதற்படி:

இருவருக்கும் நன்றி. இன்னொரு கருவி வாங்கும் நிலையில் நான் இல்லை. மேலும் நான் எழுத விரும்பும் தேர்வில் குறியீட்டு இயற்கணிதம் செய்யும் கணிப்பான்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே டிஐ-84-ஐ வைத்துக்கொண்டே என் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்லுங்கள்.

கரும்பலகை:

முதலில் கோண அலகைப் பாருங்கள். கருவி ரேடியன் நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் தந்த −2.687737259 ரேடியனில் கிடைப்பதுதான். பாகை நிலையில் இருந்திருந்தால் 0.15696 என்று வந்திருக்கும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாகை நிலையில் சைன் எக்ஸ்-இன் வகைக்கெழுவை எக்ஸ் = 0 என்னும் இடத்தில் கேட்டால் 1 வராது; 0.0174532925 வரும். அது π/180. கருவி பிழை செய்யவில்லை. பாகையில் அளந்தால் சைன் வளைவரையின் சாய்வு உண்மையிலேயே அவ்வளவு தட்டையானது. சைனின் வகைக்கெழு காஸ் என்னும் விதி ரேடியனில் மட்டுமே அத்தனை தூய்மையாக நிற்கிறது.

இனி ஒய் பட்டியலைத் திறந்து மூன்று வரிகளை நிரப்புங்கள். ஒய்1-இல் மூலச் சார்பு. ஒய்2-இல் என்டெரிவ் கட்டளை. அதற்குள் சார்பாக ஒய்1, மாறியாக எக்ஸ், மதிப்பாகவும் எக்ஸ். கணக்கிடும் முதன்மைத் திரையில் எக்ஸ் என்பது தேங்கிக் கிடந்த ஓர் எண். இங்கே அது வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் புதிய மதிப்பை ஏற்கும். ஒய்3-இல் நீங்கள் கையால் கண்ட விடை. ஒய்1-ஐ வரையாமல் அணைத்துவிட்டு, ஒய்3-இன் கோட்டு வகையைத் தடித்ததாக மாற்றிவிட்டு வரையுங்கள். கருவி முதலில் ஒய்2-இன் மெல்லிய கோட்டைச் சற்று மெதுவாக வரையும்; ஒவ்வொரு புள்ளிக்கும் சார்பை இருமுறை கணக்கிட வேண்டியிருப்பதே காரணம். அதன் மேல் ஒய்3-இன் தடித்த கோடு முழுவதும் படிந்து சென்றால் உங்கள் விடை பெரும்பாலும் சரி. விலகினால் தவறு.

விலகினால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். பிழை இருக்கிறது என்பதோடு அது எத்தகையது என்பதையும் இந்த வழி சொல்லும். ஒய்2-இலிருந்து ஒய்3-ஐக் கழித்து, அந்த வித்தியாசத்தை உங்கள் விடையில் ஐயத்துக்குரிய உறுப்பால் வகுத்துப் பாருங்கள். எக்ஸ் எதுவானாலும் ஒரே எண் வந்தால், நீங்கள் ஒரு மாறிலிக் காரணியை எங்கோ விட்டிருக்கிறீர்கள் என்பது உறுதி.

மிதவைப்புள்ளி:

கரும்பலகை அவர்கள் சொன்ன வழியை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த எண்ணை நம்பக் கூடாத இடங்கள் இருக்கின்றன. அவற்றை அறியாமல் இந்தக் கருவியைச் சாட்சியாக அழைப்பது ஆபத்து.

எக்ஸ்-இன் மட்டு மதிப்புச் சார்புக்கு எக்ஸ் = 0 என்னும் இடத்தில் வகைக்கெழு கிடையாது; வளைவரை அங்கே கூராக மடங்குகிறது. டிஐ-84-ஐக் கேட்டால் 0 என்று சொல்லும். இருபுறமும் 0.001 தள்ளி எடுத்த இரண்டு மதிப்புகளும் சமமாக இருப்பதால் வித்தியாசம் 0 ஆகிவிடுகிறது. 1/எக்ஸ் என்னும் சார்பு எக்ஸ் = 0 என்னும் இடத்தில் வரையறுக்கப்படவே இல்லை. அங்கும் கருவி தயங்காமல் 1000000 என்று விடை தரும்: 1000-இலிருந்து −1000-ஐக் கழித்தால் 2000, அதை 0.002-ஆல் வகுத்தால் பத்து இலட்சம். எக்ஸ்-இன் கனமூலத்துக்கு அதே இடத்தில் தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது. கருவி 100 என்கிறது. மூன்று இடங்களிலும் வகைக்கெழு இல்லை. மூன்று இடங்களிலும் கருவி பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் ஓர் எண்ணைத் தருகிறது. நடுப்புள்ளியில் சார்பு என்ன ஆகிறது என்பதை இந்த முறை பார்ப்பதே இல்லை. அதன் உள்ளார்ந்த குறை இதுதான்.

0.001 என்னும் இடைவெளியைக் குறைத்தால் துல்லியம் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய வரிமுறையில் நான்காவது உறுப்பாக அந்த இடைவெளியை நாமே கொடுக்கலாம். 0.00001 அளவுக்குக் குறைப்பது பயன் தரும். அதற்கு மேலும் குறைத்தால் வேறொரு பிழை தலைதூக்கும். இந்தக் கருவி 14 இலக்கங்களில் கணக்கிடுகிறது. எக்ஸ்³-க்கு, எக்ஸ் = 5 என்னும் இடத்தில், இடைவெளியை 10-இன் அடுக்கு −13 என்று வைத்து 14 இலக்கங்களுக்கு முழுமையாக்கிக் கையால் செய்து பாருங்கள். மேல் மதிப்பு 125.00000000001, கீழ் மதிப்பு 124.99999999999. வித்தியாசத்தை இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் 75 வர வேண்டிய இடத்தில் 100 வருகிறது. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது, பொருளுள்ள இலக்கங்கள் அனைத்தும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, முழுமையாக்கலில் பிறந்த எச்சம் மட்டுமே மிஞ்சுகிறது.

இன்னொன்று: இரண்டு கோவைகள் சில புள்ளிகளில் ஒத்துப்போவதால் அவை ஒன்றாகிவிடா. அட்டவணையை 1, 2, 3 என்று முழு எண்களில் மட்டும் பார்த்தால், சைன்(πஎக்ஸ்) போன்ற ஓர் உறுப்பு தவறுதலாகச் சேர்ந்திருந்தாலும் அது தெரியவே தெரியாது. எல்லா முழு எண்களிலும் அதன் மதிப்பு 0. ஆகவே 0.7, 1.3, 2.9 போன்ற ஒழுங்கற்ற இடங்களில் சோதியுங்கள்.

அடுக்குநிரல்:

மிதவைப்புள்ளி அவர்கள் சொன்ன குறைகள் எதுவும் குறியீட்டு முறைக்கு இல்லாததற்குக் காரணம், அது எல்லையை நாடிச் செல்வதே இல்லை என்பதுதான். அந்தக் கருவிக்குள் கோவை ஒரு மரமாக இருக்கிறது. எக்ஸ்² சைன்(3எக்ஸ்) என்பதன் உச்சியில் பெருக்கல். அதன் ஒரு கிளையில் அடுக்கு, அதன் கீழ் எக்ஸ், 2. மறு கிளையில் சைன், அதன் கீழ் இன்னொரு பெருக்கல், அதன் கீழ் 3, எக்ஸ். நிரல் உச்சியிலிருந்து இறங்குகிறது. பெருக்கலைக் கண்டால் பெருக்கல் விதி. சைனைக் கண்டால் சங்கிலி விதி. எண்ணைக் கண்டால் 0. எக்ஸைக் கண்டால் 1. ஒவ்வொரு கிளைக்கும் அது தன்னைத் தானே மீண்டும் அழைத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் நிரல் இது. 1953-ஆம் ஆண்டிலேயே டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கஹ்ரிமானியனும், எம்ஐடியில் நோலனும், ஒருவரையொருவர் சாராமல், கணினியைக் கொண்டு குறியீட்டு வகையிடலைச் செய்து ஆய்வேடு அளித்தார்கள். தொகையிடலைக் கணினிக்குக் கற்பிப்பது அதைவிடப் பன்மடங்கு கடினமாக இருந்தது.

கடினமான பகுதி பிறகுதான் வருகிறது. விதிகளை மட்டும் பொருத்தினால் விடையில் ‘பெருக்கல் 1’, ‘கூட்டல் 0 பெருக்கல் எக்ஸ்’, ‘அடுக்கு 1’ போன்ற துண்டுகள் நிறைந்து கிடக்கும். அவற்றை நீக்கி, ஒத்த உறுப்புகளைச் சேர்த்து, மனிதர் வாசிக்கத் தக்க வடிவுக்குக் கொண்டுவரும் சுருக்கல் பகுதிதான் இத்தகைய பொறியின் பெரும்பங்கு. எது சுருங்கிய வடிவம் என்பதில் பொறிக்குப் பொறி வேறுபாடு உண்டு. டேன் எக்ஸ்-இன் வகைக்கெழுவைக் கேட்டால் டிஐ-89, காஸ் வர்க்கத்தின் தலைகீழியைத் தரும். எச்பி பிரைம், டேன் வர்க்கத்துடன் 1-ஐக் கூட்டித் தரும். பாடநூலோ சீக்கன் வர்க்கம் என்று அச்சிட்டிருக்கும். மூன்றும் ஒன்றே. வடிவம் மாறியிருப்பதைக் கண்டு தம் விடை தவறு என்று அடித்துவிடும் மாணவர்களுக்காக வருந்துகிறேன். இரண்டையும் கழித்துச் சுருக்கச் சொல்லுங்கள். 0 வந்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய எச்பி-48-இன் வழி. வகையிடல் குறியைக் கோவைக்குள்ளேயே எழுதி, மதிப்பிடும் பொத்தானான ஈவால்-ஐ அழுத்தினால், அது ஒரே ஒரு படி மட்டும் செல்லும். சைன்(3எக்ஸ்)-ஐக் கொடுத்தால் முதல் அழுத்தலில் ‘காஸ்(3எக்ஸ்) பெருக்கல் 3எக்ஸ்-இன் வகைக்கெழு’ என்று வந்து நிற்கும். உள்ளே இருக்கும் வகைக்கெழு இன்னும் தீர்க்கப்படாமல் குறியோடு காத்திருக்கும். மீண்டும் அழுத்தினால் அது திறக்கும். சங்கிலி விதியை நான் புரிந்துகொண்டது அந்தத் திரையில்தான். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது எல்லாப் படிகளும் ஒரே மூச்சில் ஓடிவிட்டன. இங்கே வெளிச் சார்பு முடிந்து, உட்சார்பு என் விரலுக்காகக் காத்து நின்றது.

புதுத்திரை:

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் டிஐ-89 இருக்கிறது. எக்ஸ்²-ஐ வகையிட்டால் 2எக்ஸ் வர வேண்டும். எனக்கு 6 வருகிறது. வகையிடல் குறிக்குப் பதிலாக டி என்னும் எழுத்தைத் தட்டினால் எதுவுமே நடக்காமல், உள்ளிட்டது அப்படியே திரும்பி வருகிறது. கருவி பழுதா?

அடுக்குநிரல்:

பழுது இல்லை. எக்ஸ் என்னும் மாறியில் 3 என்னும் மதிப்பு சேமிக்கப்பட்டிருக்கிறது. எப்போதோ ஒரு கணக்குக்காக நீங்களே போட்டிருப்பீர்கள். டிஐ-89 முதலில் குறியீட்டு முறையில் வகையிட்டு 2எக்ஸ் என்று கண்டுவிடுகிறது. அதன் பிறகு சேமித்த 3-ஐ அதில் பொருத்தி 6 என்று காட்டுகிறது. தூய்மைப்படுத்தும் பட்டியலில் ஓரெழுத்து மாறிகள் அனைத்தையும் அழிக்கும் கட்டளை முதலாவதாக இருக்கும். அதைச் செய்துவிட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட மதிப்பு வேண்டுமானால் எக்ஸ்-இல் சேமிக்காதீர்கள்; கோவைக்குப் பின் நெடுங்கோட்டுக் குறியிட்டு, எக்ஸ் = 3 என்று எழுதுங்கள். அந்த நிபந்தனை அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும்.

டி எழுத்தும் வகையிடல் குறியும் பார்வைக்கு நெருக்கமாக இருந்தாலும் கருவிக்கு இரண்டும் வேறு. எழுத்தைத் தட்டினால், டி என்னும் பெயரில் நீங்கள் வரையறுக்காத ஒரு சார்பை அழைக்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. குறியை 8-ஆம் பொத்தானின் மேலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கரும்பலகை:

கோவையை எண்களிலிருந்து மீட்டெடுக்கும் ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன். பல்லுறுப்புக்கோவைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்றாலும், டிஐ-84 வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு நல்ல பயிற்சி. எக்ஸ்³-இன் எண்முறை வகைக்கெழுவை 1, 2, 3 ஆகிய இடங்களில் கேட்டால் 3.000001, 12.000001, 27.000001 என்று வரும். இவற்றைப் பட்டியலில் இட்டு இருபடித் தொடர்புப் போக்குக் கட்டளையைக் கொடுத்தால், எக்ஸ்²-இன் கெழு 3, எக்ஸ்-இன் கெழு பூஜ்யத்தை ஒட்டியது, மாறிலி 0.000001 என்று பிரிந்து கிடைக்கும். 3எக்ஸ்² என்னும் கோவையும், கருவி எடுத்துக்கொண்ட இடைவெளியின் வர்க்கமும் தனித்தனியாகத் திரையில் நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் மகிழ்ச்சி குறையவில்லை.

மிதவைப்புள்ளி:

பல்லுறுப்புக்கோவை என்றால், அந்த எச்சமே இல்லாத வழி ஒன்று அதே டிஐ-84-இல் இருக்கிறது, கழித்தலே தேவையில்லை. இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றை எடுங்கள். முதல் வரிசையில் 5, 1. இரண்டாம் வரிசையில் 0, 5. அதை மும்மடியாக்குங்கள். விடையின் முதல் வரிசை 125, 75. இரண்டாம் வரிசை 0, 125. மூலைவிட்டத்தில் சார்பின் மதிப்பு. மேல் வலது மூலையில் வகைக்கெழுவின் மதிப்பு. 75.000001 அன்று; 75. அதே அணியின் நேர்மாறை எடுத்தால் மேல் வலது மூலையில் −0.04 வரும், 1/எக்ஸ்-இன் வகைக்கெழு −1/எக்ஸ்² என்பதற்கு அது சரியாக ஒத்துப்போகிறது.

அந்த மூலையில் இட்ட 1, வர்க்கித்தால் மறைந்துவிடும் ஒரு நுண்ணிய கூட்டலைப் போல நடந்துகொள்கிறது. அணிகளின் பெருக்கலே பெருக்கல் விதியை நமக்காகச் செய்துவிடுகிறது. இது குறியீட்டு முறையும் அன்று; வித்தியாசம் எடுக்கும் முறையும் அன்று. இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை இந்தச் சிறிய அணி காட்டுகிறது.

முதற்படி:

கரும்பலகை அவர்கள் சொன்னபடி மூன்று வரிகளையும் நிரப்பி வரைந்தேன். தடித்த கோடு மெல்லிய கோட்டின் மேல் படியவில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஏறி இறங்கினாலும், என் கோட்டின் அலைகள் உயரம் குறைந்தவையாக இருந்தன. பெருக்கல் விதியின் முதல் உறுப்பில் எனக்கு ஐயம் இல்லை. ஆகவே வித்தியாசத்தை எக்ஸ்² காஸ்(3எக்ஸ்)-ஆல் வகுத்துப் பார்த்தேன். எக்ஸ் = 1 என்னும் இடத்தில் 1.99999978 வந்தது. 0.7, 1.3, 2.9 ஆகிய இடங்களிலும் 2-ஐ ஒட்டிய எண்தான். ஒரு மாறிலிதான் விடுபட்டிருக்கிறது என்று அப்போது விளங்கிவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு மடங்கு. குறைவது இரண்டு மடங்கு. ஆகவே வர வேண்டியது மூன்று மடங்கு. சைன்(3எக்ஸ்)-ஐ வகையிடும்போது உள்ளே இருந்த 3எக்ஸ்-இன் வகைக்கெழுவான 3-ஐப் பெருக்காமல் விட்டிருக்கிறேன். சரியான விடை:

2எக்ஸ் சைன்(3எக்ஸ்) + 3எக்ஸ்² காஸ்(3எக்ஸ்).

ஒய்3-ஐத் திருத்தி மீண்டும் வரைந்தேன். இந்த முறை மெல்லிய கோடு முழுவதும் தடித்த கோட்டின் அடியில் மறைந்துவிட்டது.

ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. திருத்திய கோவையில் எக்ஸ் = 1 என்று இட்டால் −2.687737474 வருகிறது, என்டெரிவ் தந்ததோ −2.687737259. இந்த 0.000000215 எங்கிருந்து வந்தது? எக்ஸ்³-க்கு எச்சம் இடைவெளியின் வர்க்கமாகவே இருந்தது; இங்கே அப்படி இல்லையே.

அடுக்குநிரல்:

எச்சம் இடைவெளியின் வர்க்கத்தோடு மூன்றாம் வகைக்கெழுவின் ஆறில் ஒரு பங்கைப் பெருக்கியதற்கு ஏறத்தாழச் சமம். எக்ஸ்³-இன் மூன்றாம் வகைக்கெழு 6. ஆகவே அங்கே இடைவெளியின் வர்க்கம் மட்டும் நின்றது. உங்கள் சார்புக்கு டிஐ-89-இல் மூன்றாம் படி வகைக்கெழுவைக் கேட்டேன். உறுப்புகளைப் பிரித்து எழுதினால் அது −27எக்ஸ்² காஸ்(3எக்ஸ்) − 54எக்ஸ் சைன்(3எக்ஸ்) + 18 காஸ்(3எக்ஸ்).

மிதவைப்புள்ளி:

அதில் எக்ஸ் = 1 என்று இட்டால் 1.289452. ஆறால் வகுத்தால் 0.214909. அதை 0.001-இன் வர்க்கத்தால், அதாவது 0.000001-ஆல் பெருக்கினால் 0.000000215.